அதிகமாக உறைந்தால் இரத்தம் உறையாமல் போகும்! எப்படி?

சுத்தமான, உலர்ந்த, சிறிய கண்ணாடிக் குழாய் ஒன்று. அதில் ஒரு நோயாளியின் கையிலிருந்து எடுத்த 2 மில்லிலிட்டர் இரத்தம். குழாயை 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டு, பிறகு மெதுவாகச் சாய்த்துப் பார்க்கிறார் மருத்துவர். நலமாக இருப்பவரின் இரத்தமாக இருந்தால், அதற்குள் அகார் அகார் போலக் கட்டியாகியிருக்கும். ஆனால், இந்த இரத்தமோ தண்ணீரைப் போல ஓடுகிறது.

அந்த நோயாளியைக் கடித்தது மலாயா குழிவிரியன் பாம்பு. கடிபட்டவரின் இரத்தம் உறையும் தன்மையை இழந்துவிட்டதா என்று கண்டறிய இன்றும் பல நாடுகளில் மருத்துவர்கள் செய்யும் எளிய சோதனைதான் இது.

மாணவர்களே, இதில் ஒரு புதிர் இருக்கிறது. அதே பாம்பின் நஞ்சில் மிகச் சிறிதளவை எடுத்து, நலமான ஒருவரின் இரத்தத்தில் குழாயிலேயே கலந்தால், அந்த இரத்தம் விரைவாக உறைந்துவிடும்! குழாயில் இரத்தத்தை உறைய வைக்கும் நஞ்சு, உடலுக்குள் போனதும் இரத்தத்தை உறைய முடியாததாக ஆக்குகிறது. இது எப்படி?

இதற்கு விடை தெரிய வேண்டுமானால், உங்கள் இரத்தத்தில் இந்த நிமிடமும் மிதந்துகொண்டிருக்கும் சில புரதங்களை முதலில் சந்திக்க வேண்டும். அவைதான் உறைதல் காரணிகள்.

பூட்டிய கத்தரிக்கோல்கள்

உறைதல் காரணிகளுக்கு எண்கள் உண்டு. பாடநூல்களில் அவை ரோமன் எண்களில் இருக்கும். 1 முதல் 13 வரை எண்ணிப் பாருங்கள். நடுவில் 6 மட்டும் இருக்காது! 6ஆம் காரணி என்று முதலில் நினைக்கப்பட்டது, உண்மையில் தூண்டப்பட்ட 5ஆம் காரணிதான் என்று பின்னர் தெரியவந்தது. அதனால் அந்த எண்ணை எடுத்துவிட்டார்கள்.

1ஆம் காரணி ஃபைப்ரினோஜென். 2ஆம் காரணி புரோத்ரோம்பின். 3ஆம் காரணி திசுக் காரணி. 4ஆம் காரணி புரதமே அல்ல, அது கால்சியம். மற்றவற்றுள் பெரும்பாலானவை நம் கல்லீரலில் உற்பத்தியாகின்றன. 2, 7, 9, 10 ஆகிய நான்கையும் சரியாகத் தயாரிக்கக் கல்லீரலுக்கு வைட்டமின் கே தேவை. பிறந்த குழந்தைகளின் உடலில் இந்த வைட்டமின் குறைவு. அதனால்தான் அவர்களுக்குப் பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போடுகிறார்கள்.

இந்தக் காரணிகளுள் பல, நொதிகளாக மாறக்கூடியவை. ஆனால், இரத்தத்தில் மிதக்கும்போது அவை வேலை செய்யாத வடிவில் இருக்கின்றன. பூட்டுப் போட்ட கத்தரிக்கோல்களாக அவற்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு கத்தரிக்கோலின் பூட்டு திறந்தால், அது அடுத்த கத்தரிக்கோலின் பூட்டை வெட்டித் திறக்கும். அது அதற்கடுத்ததைத் திறக்கும். ஒரே கத்தரிக்கோல் பல பூட்டுகளைத் திறக்க வல்லது. ஆகவே, ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை பெருகுகிறது.

1964ஆம் ஆண்டில் இந்தத் தொடர்வினையை இரண்டு குழுக்கள் தனித்தனியே விளக்கின. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டில் இருந்த மக்ஃபார்லேன் அதைப் படிப்படியாக விழும் அருவி என்றார். அமெரிக்காவில் டேவியும் ராட்னாஃபும் அதை நீர்வீழ்ச்சி என்றார்கள். கடல் கடந்து இரு தரப்புக்கும் கிட்டத்தட்ட ஒரே உவமை தோன்றியது!

முதல் பூட்டைத் திறக்கும் சாவி எங்கே?

இவ்வளவு கத்தரிக்கோல்கள் இரத்தத்திலேயே மிதக்கும்போது, இரத்தம் ஏன் நாளங்களுக்குள்ளேயே உறைந்துவிடுவதில்லை?

முதல் பூட்டின் சாவி இரத்தத்துக்கு வெளியே இருக்கிறது என்பதே காரணம். அந்தச் சாவிதான் திசுக் காரணி. இரத்தநாளத்தைச் சுற்றியுள்ள திசுக்களின் உயிரணுக்களில் அது பதிந்திருக்கிறது. மூளை, நுரையீரல், நஞ்சுக்கொடி ஆகியவற்றில் மிகுதியாக உள்ளது. நாளத்தின் உட்புறத்தை வழவழப்பான உயிரணுப் படலம் ஒன்று மூடியிருப்பதால், ஓடும் இரத்தம் இந்தச் சாவியைத் தொடுவதே இல்லை.

இப்போது உங்கள் விரலில் கத்தி பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாளம் அறுபடுகிறது, இரத்தம் வெளியே உள்ள திசுவைத் தொடுகிறது. 7ஆம் காரணி திசுக் காரணியுடன் சேர்கிறது. இந்த இணை 9ஆம், 10ஆம் காரணிகளின் பூட்டுகளைத் திறக்கிறது. திறந்த 10ஆம் காரணி, 5ஆம் காரணியின் துணையுடன் புரோத்ரோம்பினை வெட்டி த்ரோம்பினாக மாற்றுகிறது.

இந்த நாடகத்தின் கதாநாயகன் த்ரோம்பின்தான். அது 5, 8, 11 ஆகிய காரணிகளைத் தூண்டித் தன் உற்பத்தியைத் தானே பெருக்கிக்கொள்கிறது. இரத்தத் தட்டணுக்களை எழுப்புகிறது. ஃபைப்ரினோஜெனின் நுனிகளை வெட்டி ஃபைப்ரின் இழைகளாக்குகிறது. அதோடு 13ஆம் காரணியையும் எழுப்புகிறது. அந்தக் காரணி இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துவிட, வலை உறுதியாகிறது. இரத்தம் நிற்கிறது.

இந்த வரிசையில் ஓர் ஆள் குறைந்தாலும் சிக்கல்தான். 8ஆம் காரணி குறைந்தால் ஹீமோஃபீலியா ஏ. 9ஆம் காரணி குறைந்தால் ஹீமோஃபீலியா பி.

சரி, கண்ணாடிக் குழாயில் திசுக் காரணியே இல்லையே, அங்கே இரத்தம் எப்படி உறைகிறது என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! கண்ணாடியின் பரப்பைத் தொட்டதும் 12ஆம் காரணி விழித்துக்கொள்கிறது. அது வேறொரு வழியில் தொடரைத் தொடங்கி வைக்கிறது. 20 நிமிடச் சோதனைக்குப் பிளாஸ்டிக் குழாயைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். ஆனால், பிறவியிலேயே 12ஆம் காரணி இல்லாதவர்களுக்குக் காயம் பட்டால் அளவுக்கு மீறி இரத்தம் போவதில்லை. ஆகவே, உடலில் காயத்தை அடைக்கும் வேலையைத் தொடங்கி வைப்பது திசுக் காரணியே என்பது தெளிவாகிறது.

ஓடும் வண்டிக்குப் பிரேக் வேண்டாமா?

பெருகிக்கொண்டே போகும் வினையை யாராவது நிறுத்தியாக வேண்டும். இல்லையென்றால், விரலில் தொடங்கிய உறைவு தோள் வரை பரவிவிடும்.

நம் உடலில் இதற்கு மூன்று பிரேக்குகள் உள்ளன. முதலாவது, திசுக் காரணியும் 7ஆம் காரணியும் சேர்ந்த இணையை முடக்கும் ஒரு புரதம். இரண்டாவது, ஆன்டித்ரோம்பின், காயத்தை விட்டு நழுவிச் செல்லும் த்ரோம்பினையும் 10ஆம் காரணியையும் இது பிடித்து முடக்குகிறது. மூன்றாவது, புரதம் சி. இது 5ஆம், 8ஆம் காரணிகளைச் சிதைக்கிறது. இதில் ஒரு விந்தை உண்டு. புரதம் சி-யை எழுப்புவதே த்ரோம்பின்தான்! காயமில்லாத நாளச் சுவரை அடைந்ததும், தன்னை உருவாக்கிய வினைக்குத் தானே தடை போட்டுவிடுகிறது அது.

இவை போக, துப்புரவுப் பணியாளரும் உண்டு. பிளாஸ்மின் என்னும் நொதி, வேலை முடிந்த ஃபைப்ரின் வலையைத் துண்டு துண்டாகக் கரைக்கிறது. அந்தத் துண்டுகளுள் ஒன்றின் பெயர் டி-டைமர். ஒருவரின் இரத்தத்தில் டி-டைமர் மிக அதிகமாக இருந்தால், அவரின் உடலில் எங்கோ வலை பின்னப்பட்டு அறுக்கப்படுகிறது என்று மருத்துவர் சந்தேகிப்பார்.

சாவி உள்ளே வந்துவிட்டால்?

இனி ஆபத்தான கட்டத்துக்கு வருவோம். வெளியே இருக்க வேண்டிய திசுக் காரணி, இரத்த ஓட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டால் என்ன ஆகும்?

இது பல வழிகளில் நடக்கலாம். பாக்டீரியாக் கிருமிகள் இரத்தத்தில் பெருகும்போது, அவற்றின் நச்சு சில வெள்ளை அணுக்களைத் தூண்டுகிறது. வழக்கமாகத் திசுக் காரணியைக் காட்டாத அந்த அணுக்கள், இப்போது அதைத் தம் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு உடல் முழுவதும் சுற்றுகின்றன. கடுமையான விபத்தில் மூளை நசுங்கினாலும், மகப்பேற்றின்போது நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்தாலும், சில வகை இரத்தப் புற்றுநோய்களிலும் இதே நிலை உண்டாகலாம்.

அப்போது உறைதல் ஓரிடத்தில் மட்டும் நடப்பதில்லை. உடலெங்கும் உள்ள நுண்ணிய இரத்தக்குழாய்களில் ஒரே நேரத்தில் நடக்கிறது. மருத்துவர்கள் இதை டி.ஐ.சி. என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். இரத்தநாளங்களுக்குள் பரவலாக உறைதல் என்பது இதன் பொருள். இதைத் தனி நோய் என்று சொல்ல முடியாது. வேறொரு கடும் நோயோ காயமோ இதைக் கிளப்பிவிடுகிறது.

முதல் கேடு, அடைப்பு. சிறுநீரகம், நுரையீரல், கல்லீரல் போன்ற உறுப்புகளின் மெல்லிய குழாய்களில் ஃபைப்ரின் வலைகள் சிக்கிக்கொள்கின்றன. இரத்தம் கிடைக்காமல் உறுப்புகள் தடுமாறுகின்றன. அந்த வலைகளில் மோதிச் சிவப்பணுக்கள்கூடக் கிழிந்துபோகின்றன. நுண்நோக்கியில் பார்த்தால் உடைந்த துண்டுகளாக அவை தெரியும்.

இரண்டாவது கேடுதான் நம் புதிரின் விடை. உறைதல் காரணிகள் அளவுள்ளவை. ஃபைப்ரினோஜெனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் அது 2 முதல் 4 கிராம் வரைதான் இருக்கும். பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 3 லிட்டர் பிளாஸ்மா ஓடுகிறது. அப்படியானால் மொத்தக் கையிருப்பு எவ்வளவு? 6 முதல் 12 கிராம்! சில தேக்கரண்டி அளவுதான். அது ஆயிரமாயிரம் தேவையற்ற வலைகளில் செலவாகிவிட்டால், கல்லீரல் புதிதாகத் தயாரிக்கும்வரை பற்றாக்குறைதான். தட்டணுக்களும் மற்றக் காரணிகளும் இதே போலக் குறைகின்றன. பிளாஸ்மின் வெட்டிப் போட்ட துண்டுகளும் புதிய வலை பின்னுவதைத் தடுக்கின்றன.

ஒரு நகரத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் பொய்யான தீ எச்சரிக்கை வருகிறது. எல்லாத் தீயணைப்பு வண்டிகளும் கிளம்பிப் போய்விட்டன. அப்போது உண்மையிலேயே ஒரு வீடு பற்றிக்கொண்டால் அணைக்க வண்டி ஏது? டி.ஐ.சி. நோயாளியின் நிலையும் இதுதான். ஊசி குத்திய இடத்திலும், பல் ஈறிலும், மூக்கிலும் இரத்தம் கசிகிறது. அடைப்பும் இரத்தப்போக்கும் ஒரே உடலில், ஒரே நேரத்தில்! அதிகமாக உறைந்ததால்தான் இரத்தம் உறைய முடியாமல் போனது.

பினாங்கு மருத்துவமனையில் கிடைத்த துப்பு

மறுபடியும் நம் குழிவிரியனிடம் வருவோம். மலாய் மொழியில் இதற்கு ‘உலார் காப்பாக் போடோ’ என்று பெயர். ‘போடோ’ என்றால் முட்டாள். ஆள் நெருங்கினாலும் நகராமல் சருகுகளுக்கிடையே சுருண்டு கிடப்பதால் அந்தப் பெயர். நிறமோ காய்ந்த இலையின் நிறம். தீபகற்ப மலேசியாவின் வட மாநிலங்களில் இது அதிகம். விடியுமுன்னே மரம் சீவப் போன இரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் பலர் இதை மிதித்துக் கடிபட்டார்கள். அக்காலத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிமார் பலரும் வேலை செய்தார்கள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும், பினாங்குப் பொது மருத்துவமனையில் அலிஸ்டர் ரீட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பணியாற்றினார். குழிவிரியன் கடித்தவர்களை அவரும் அவருடைய சகாக்களும் கவனமாகப் பின்தொடர்ந்தார்கள். 1963இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். நஞ்சுமுறி மருந்து பெறாத சிலரின் இரத்தம் நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில்கூட உறையாமல் இருந்தது. காரணம், ஃபைப்ரினோஜென் கிட்டத்தட்ட முழுமையாகத் தீர்ந்துபோயிருந்தது.

பாம்பு இதை எப்படிச் செய்கிறது? அதன் நஞ்சில் த்ரோம்பினைப் போலவே நடிக்கும் ஒரு நொதி இருக்கிறது. அருவியின் மேற்படிகள் எதையும் தொடாமல் அது நேராகக் கடைசிப் படிக்குத் தாவி ஃபைப்ரினோஜெனை வெட்டுகிறது. ஆனால் நடிப்பு அரைகுறைதான்! உண்மையான த்ரோம்பின் ஃபைப்ரினோஜெனிலிருந்து இரண்டு வகை நுனிகளை வெட்டும். பாம்பின் நொதி ஒரு வகையை மட்டுமே வெட்டுகிறது. 13ஆம் காரணியையும் அது எழுப்புவதில்லை. எனவே, உருவாகும் இழைகள் தைக்கப்படாத, வலுவற்ற இழைகள். அவற்றைப் பிளாஸ்மின் உடனுக்குடன் கரைத்துவிடுகிறது. வலை பின்னப்பின்னக் கரைகிறது, கையிருப்பு காலியாகிறது. கண்ணாடிக் குழாயில் உறைந்த இரத்தம் உடலுக்குள் ஏன் உறையாததாக மாறியது என்பது இப்போது புரிகிறதா?

இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள கண்ணாடி விரியனின் வழி வேறு. அதன் நஞ்சு அருவியின் நடுப்பகுதியில் இருக்கும் 10ஆம், 5ஆம் காரணிகளைத் தூண்டுகிறது. அதனால் உண்மையான த்ரோம்பினே வெள்ளமாகப் பெருகி, பல காரணிகள் சேர்ந்து தீர்ந்துபோகின்றன. சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். இரு விரியன்களும் தொடங்கும் இடம் வேறு. கண்ணாடிக் குழாயில் தெரியும் முடிவோ ஒன்றே.

நஞ்சும் மருந்தும்

ரீட் குழு கவனித்த இன்னொன்று விஞ்ஞானிகளை ஈர்த்தது. இரத்தம் உறையாத நிலையிலும் கடிபட்டவர்களுள் பலருக்குப் பெரிய இரத்தப்போக்கு ஏற்படவில்லை. ஃபைப்ரினோஜென் தீர்ந்தாலும், மற்றக் காரணிகள் பெரும்பாலும் மிச்சமிருந்ததே இதற்கு முக்கியக் காரணம். அப்படியானால், தேவையற்ற உறைவுகளைத் தடுக்க இந்த நொதியையே மருந்தாக்கலாமே! நஞ்சிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அந்த நொதிக்கு ஆன்க்ராட் என்று பெயர் வைத்தார்கள். மூளையில் இரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்துக்கு அதைச் சோதித்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு நம்பிக்கை தந்தது. ஆனால், பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. அழகான கருத்தாக இருந்தாலும் நோயாளிகளிடம் சோதித்த பிறகே ஏற்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கண்ணாடி விரியனின் கதை வேறு விதம். அருவி உவமையைத் தந்த அதே மக்ஃபார்லேன், 1934இலேயே லண்டன் விலங்கியல் தோட்டத்தின் பார்னெட்டுடன் சேர்ந்து, ஹீமோஃபீலியா நோயாளிகளின் இரத்தப்போக்கை நிறுத்த விரியன் நஞ்சை நீர்த்துக் காயத்தில் இட்டுப் பார்த்தார். இன்றும் இரத்தப் பரிசோதனைக் கூடங்களில், உறைதல் கோளாறு ஒன்றைக் கண்டறியும் சோதனைக்குக் கண்ணாடி விரியன் நஞ்சு பயன்படுகிறது.

மருத்துவரின் தர்மசங்கடம்

டி.ஐ.சி. நோயாளியின் முன் நிற்கும் மருத்துவரை எண்ணிப் பாருங்கள். இரத்தம் கசிகிறது; காரணிகளைக் கொடுக்க வேண்டும். ஆனால் உள்ளே உறைதல் நின்றபாடில்லை, கொடுப்பதும் வலையாகிவிடலாம். ஹெபாரின் போன்ற உறைதல் தடுப்பு மருந்தைக் கொடுத்தால், கசிவு பெருகிவிடுமோ என்ற அச்சம்!

இதனால்தான் மருத்துவர்கள் முதலில் மூலக் காரணத்தைத் தேடுகிறார்கள். கிருமித் தொற்று என்றால் உடனே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து; மகப்பேற்றுச் சிக்கல் என்றால் அதற்கான அவசரச் சிகிச்சை. இரத்தப்போக்கு கடுமையானால், கொடையாளர்கள் தந்த இரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவும் தட்டணுக்களும் ஏற்றப்படுகின்றன. அடைப்பே மேலோங்கியிருந்தால் ஹெபாரினைக் கவனமாகப் பயன்படுத்துவதும் உண்டு.

பாம்புக்கடியிலும் இதே நியாயம்தான். நொதி இரத்தத்தில் இருக்கும்வரை எவ்வளவு ஃபைப்ரினோஜென் ஏற்றினாலும் அது வெட்டப்பட்டுவிடும். முதலில் நொதியை முடக்கும் நஞ்சுமுறி மருந்து வேண்டும். மலாயா குழிவிரியனுக்குத் தாய்லாந்தில் தயாரிக்கப்படும் நஞ்சுமுறி இருக்கிறது. அதைக் கொடுத்த பிறகு, கண்ணாடிக் குழாய்ச் சோதனையைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்கிறார்கள். இரத்தம் மீண்டும் கட்டியானால், கல்லீரல் தயாரிக்கும் புதிய ஃபைப்ரினோஜென் இனி தப்பிப் பிழைக்கிறது என்று அர்த்தம்.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை

உறைதலின் அறிவியல் புரிந்தவர்களுக்கு, முதலுதவி விதிகளும் தாமே புரிந்துவிடும்.

கடிபட்ட இடத்தைக் கத்தியால் கீறக் கூடாது. ஏன்? உறையாத இரத்தம் உள்ளவருக்குப் புதிதாக ஒரு காயத்தை உண்டாக்குகிறீர்கள். வாயால் உறிஞ்சுவதால் பயனில்லை. கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. குழிவிரியன் நஞ்சு கடிவாயில் வீக்கத்தையும் திசு அழிவையும் உண்டாக்கும். இரத்த ஓட்டமும் நின்றால் அந்தக் கால் மேலும் கெடும்.

கடிபட்டவரை அமைதியாக உட்கார அல்லது படுக்க வையுங்கள். கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, மோதிரம், காப்பு, கொலுசு போன்றவற்றைக் கழற்றுங்கள். பாம்பைத் துரத்தவோ பிடிக்கவோ வேண்டாம்; பாதுகாப்பான தூரத்திலிருந்து படம் எடுக்க முடிந்தால் போதும். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்: மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. கடிவாய் சிறியதாகத் தெரிகிறது, வலி குறைந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். இரத்தம் உறையும் தன்மையை இழந்துவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியாது, சோதனையில்தான் தெரியும்.

மாணவர்களே, தேர்வுக்காக உறைதல் வரைபடத்தை மனனம் செய்யும்போது, ஒவ்வோர் அம்புக்குறியிலும் சற்று நின்று மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இதைத் தொடங்கி வைப்பது எது? இதை நிறுத்துவது எது? கையிருப்பு தீர்ந்தால் என்ன ஆகும்? முதல் இரண்டுக்கும் பாடநூலில் விடை கிடைக்கலாம். மூன்றாவது கேள்வியைத்தான், கண்ணாடிக் குழாயைச் சாய்த்துப் பார்க்கும் மருத்துவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.